ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே எந்த கேபிள் போடுவது?

இடுக்கி மலையில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. ஆபீஸ் ரேக்கில் இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர், கேமராக்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) இருக்கிறது: ஒன்று 24 போர்ட், இன்னொன்று கேமராக்களுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்டும் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச். அங்கிருந்து 70 மீட்டர் தள்ளி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு ஸ்விட்ச். ஸ்டோரைத் தாண்டி இன்னும் 130 மீட்டர் இறக்கத்தில், கேட்டுக்குப் பக்கத்து எடை அறையில் ஒன்று. நாலையும் இணைக்க வேண்டும். கம்பத்தில் கேபிள் விசாரித்த கடையில் "கேட் 8 போடுங்க, அதுக்கு மேல எதுவும் இல்ல" என்றார்களாம். கட்டப்பனையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் சேட்டன், ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் கிராஸ் கேபிள்தான் வேண்டும், நேர் கேபிள் எடுக்காது என்றாராம். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்கிறீர்கள்.

எந்த கேட்டகரி (கேபிளின் தர வரிசை, சுருக்கமாக "கேட்" என்று எண்ணோடு சொல்வது) என்பதுதான் கேள்வியாக வந்திருக்கிறது. ஆனால் உங்கள் இடத்தில் இருப்பது மூன்று வேறு வேறு இடைவெளிகள். ஒரே ரேக்குக்குள் ஒரு முழம், கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே திறந்த வெளியில் 70 மீட்டர், அதற்கப்புறம் 130 மீட்டர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கேபிளைச் சொன்னால் ஏதாவது ஒரு இடத்தில் அது தப்பாகத்தான் போகும். கம்பம், கூடலூர் பக்கமும், மேலே குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் வரையிலும் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். எது தரநிர்ணயத்தில் உள்ளது, எது என் அனுபவத்தில் மட்டும் கண்டது என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கிராஸ் கேபிள். சேட்டன் சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. 10, 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடிய பழைய ஸ்விட்சுகளில் எட்டுக் கம்பியில் நாலுக்குத்தான் வேலை. கம்ப்யூட்டர் 1, 2 என்ற கம்பிகளில் பேசும். 3, 6-இல் கேட்கும். ஸ்விட்ச் அதற்கு எதிர்மாறாக 1, 2-இல் கேட்கும். 3, 6-இல் பேசும். அதனால் கம்ப்யூட்டரையும் ஸ்விட்சையும் இணைக்க நேர் கேபிள் போதும். இரண்டு ஸ்விட்சுகளை நேர் கேபிளில் மாட்டினால் இரண்டும் ஒரே ஜோடியில் பேசும், ஒரே ஜோடியில் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். லிங்க் லைட்டே எரியாது. அதற்காகத்தான் ஒரு முனையை 568ஏ என்ற நிற வரிசையிலும் மறுமுனையை 568பி என்ற நிற வரிசையிலும் அடித்து, பச்சையையும் ஆரஞ்சையும் இடம் மாற்றினோம்.

இப்போதைய கிகாபிட் போர்ட்டுகளில் அந்த வேலையை ஸ்விட்சே செய்துகொள்கிறது. எதிரில் இருப்பது கம்ப்யூட்டரா, இன்னொரு ஸ்விட்சா என்று பார்த்துத் தன் ஜோடிகளை உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும். இதற்கு ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்று பெயர். தவிர, 1999-இல் வந்த செம்புக் கம்பி கிகாபிட் தரத்தில் நாலு ஜோடிகளும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசுகின்றன, பேசும் ஜோடி, கேட்கும் ஜோடி என்ற பிரிவே இல்லை. ஆகவே இரண்டு முனையிலும் ஒரே வரிசையில், 568பி-யிலேயே அடித்த நேர் கேபிள் போதும். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் எங்காவது மிச்சமிருந்து, அதன் எதிரிலும் அதே வயசுள்ள ஒன்று இருந்தால் மட்டும் கிராஸ் கேபிள் தேவைப்படலாம். அப்படி ஒன்று இருந்தால் கேபிளை மாற்றாதீர்கள், ஸ்விட்சை மாற்றுங்கள். இன்னொன்று, ஸ்விட்ச் பெட்டிக்குள் தட்டையாக வெளிர்நீலத்தில் ஒரு கேபிள் சில சமயம் வரும். அது ஸ்விட்சின் செட்டிங்கை மாற்ற லேப்டாப்பில் மாட்டுகிற கன்சோல் கேபிள். ஜாக் ஒரே மாதிரி இருப்பதால் அதை இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே மாட்டிவிட்டு லைட் எரியவில்லை என்று கூப்பிட்டவர்கள் நிறையப் பேர்.

ரேக்குக்குள் உள்ள இரண்டு ஸ்விட்ச் விஷயம் சின்னது. கம்பெனியில் அடித்து வரும் கேட் 6 பேட்ச் கார்டு, அரை மீட்டரோ ஒரு மீட்டரோ, ஒன்று வாங்கி மாட்டுங்கள். கையில் அடிக்க வேண்டாம். இரண்டு ஸ்விட்சிலும் 10 ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) எஸ்எஃப்பி பிளஸ் வாய், அதாவது மாட்யூல் என்ற சின்ன இணைப்புத் துண்டைச் செருகும் வாய், இருந்தால் டிஏசி என்ற கேபிள் கிடைக்கும். இரண்டு முனையிலும் மாட்யூல் சேர்த்தே வரும் செம்புக் கேபிள் அது. ஐந்து மீட்டருக்குள் 10 ஜி வேண்டுமென்றால் அதைவிட மலிவாக, சூடில்லாமல் ஓடுவது வேறு இல்லை. ஆனால் உங்களுக்கு 10 ஜி தேவைப்படாது. நீங்கள் எழுதியபடி பன்னிரண்டு கேமரா. ஒன்றுக்கு 6 எம்பிபிஎஸ் என்று தாராளமாக வைத்தாலும் 72 எம்பிபிஎஸ். ஆபீஸ் கம்ப்யூட்டர், பில்லிங், வைஃபை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிகாபிட்டில் பாதி நிறையாது.

அடுத்து கேட் 8. அது பொய்யான சரக்கு அல்ல, உங்கள் வேலைக்கான சரக்கு அல்ல. 25 ஜி, 40 ஜி வேகத்தை 30 மீட்டருக்குள் கொண்டுபோக டேட்டா சென்டர்களுக்காக வந்த தரம் அது. உங்கள் ஸ்விட்ச் ஒரு ஜி. ஒரு ஜி போர்ட்டில் கேட் 8 மாட்டினாலும் ஒரு ஜிதான். கேட் 5இ-யே ஒரு ஜியை 100 மீட்டருக்குக் கொண்டுபோகும். கேட் 6 ஒரு ஜியை அதே 100 மீட்டருக்கும், 10 ஜியை 55 மீட்டர் வரைக்கும் கொண்டுபோகும். பல கேபிள்கள் கட்டாகப் போகும் இடத்தில் அந்த 55 இன்னும் குறையும். கேட் 6ஏ 10 ஜியை முழு 100 மீட்டருக்குக் கொண்டுபோகும். இன்று புதிதாகச் சுவருக்குள் போடுகிறவர் கேட் 6 போட்டால் சரி; மறுபடி சுவரை உடைக்க முடியாத இடமென்றால் 6ஏ போடலாம். அதற்கு மேல் உள்ள எண் ஒன்றும் உங்களுக்கு உதவாது.

எண்ணைவிட முக்கியமானது கேபிளின் உள்ளே என்ன இருக்கிறது என்பது. அதைத்தான் வாங்குகிறவர்கள் கேட்பதே இல்லை. பெட்டியில் கேட் 6 என்று பெரிதாக எழுதியிருக்கும், மூலையில் சின்னதாக சிசிஏ என்று இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. சிசிஏ என்றால் அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் சுமார் அறுபது சதவீதம்தான். கேட் 6 தரத்துக்கு முழுச் செம்பு வேண்டும், சிசிஏ அந்தத் தரத்தில் சேராது. இது என் அபிப்பிராயம் இல்லை, தரநிர்ணயத்திலேயே உள்ளது. கண்டுபிடிப்பது எளிது: கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். 305 மீட்டர் பெட்டியை முழுச் செம்புப் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தால் கனத்திலேயே தெரிந்துவிடும். முலாம் என்பதால் வெளிப்பார்வைக்கு மட்டும் இரண்டும் ஒன்று.

இதனால் என்ன வரும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். பகலெல்லாம் கேமரா நன்றாக ஓடும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து எரியும். இரண்டு கேமராவை மாற்றினார்கள், ஸ்விட்சையும் மாற்றினார்கள், தீரவில்லை. காரணம் கேபிள். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், கேமரா இழுக்கும் கரண்ட் கூடும். எண்பது மீட்டர் சிசிஏ கம்பியில் அந்தக் கூடுதல் கரண்டுக்கு வோல்டேஜ் சரிந்து, கேமரா அணைந்து, மறுபடி எழுந்து, விளக்கைப் போட்டு, மறுபடி அணையும். முழுச் செம்புக் கேபிள் இழுத்த அன்றே நின்றது. உங்கள் கேமராக்களும் பிஓஇ-தான். கட்டடத்துக்குள் இழுக்கும் ஒவ்வொரு கேபிளையும் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

செம்புக் கேபிளில் தூரக் கணக்கு 100 மீட்டர். அதிலும் சுவரில் நிலையாகப் போகும் கெட்டிக் கம்பி 90, இரண்டு பக்கமும் மாட்டும் பேட்ச் கார்டு சேர்ந்து 10 என்று பிரித்திருக்கிறார்கள். பேட்ச் கார்டில் இருப்பது பல இழை சேர்ந்த மெல்லிய கம்பி, வளையும், ஆனால் இழப்பு கூடுதல். "நான் 120 மீட்டர் போட்டேன், ஓடுது" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓடியதை நானும் பார்த்திருக்கிறேன், மழைநாளில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் 130 மீட்டர் அதற்கும் மேல். அங்கே செம்புக்கு இடமே இல்லை.

70 மீட்டர் மட்டும் செம்பில் போடலாமா? நீளத்தை மட்டும் பார்த்தால் போடலாம். நான் போட மாட்டேன். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கட்டடத்தை விட்டு வெளியே போகும் எந்த நெட்வொர்க் கேபிளும், குறிப்பாக நம் மலையில், ஃபைபராகத்தான், அதாவது வெளிச்சத்தில் செய்தி கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிளாகத்தான், இருக்க வேண்டும்.

காரணம் இடி. சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடுவதும், ஐப்பசி, கார்த்திகையில் துலாமழையோடு வெட்டுவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்னல் உங்கள் கேபிள்மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் ஒரு பலா மரத்தில் விழுந்தாலே அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தம் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறி இறங்கும். ஆபீஸ் எர்த் ஒரு குழியில், ஸ்டோர் எர்த் இன்னொரு குழியில். இரண்டு மண்ணுக்கும் நடுவே அந்த நொடியில் இருக்கும் வித்தியாசம் முழுவதும், இரண்டையும் இணைத்துக்கொண்டிருக்கும் செம்புக் கம்பி வழியாகத்தான் ஓடப் பார்க்கும். ஸ்விட்ச் போர்ட்டுக்குள் இதைத் தடுக்க ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. தரப்படி அது 1500 வோல்ட்டைத் தாங்க வேண்டும். இடி அந்தக் கணக்குக்கெல்லாம் நிற்காது.

குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். ஆபீசுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே 60 மீட்டர். நல்ல முழுச் செம்பு கேட் 6, வெளியில் போடும் கருப்பு உறை, ஜிஐ கம்பியில் கட்டி மேலாக இழுத்தேன். இரண்டு வருஷம் குறையில்லாமல் ஓடியது. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரே சாயங்காலம் இரண்டு பக்கத்து ஸ்விட்சும் போனது. அதோடு நிற்கவில்லை. ஆபீஸ் ஸ்விட்சில் மாட்டியிருந்த பில்லிங் கம்ப்யூட்டரின் போர்ட், கேமரா ரெக்கார்டர், வைஃபை பெட்டி வரை போனது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. சர்ஜ் புரொடெக்டர் வாங்கி இரண்டு பக்கமும் போட்டேன். அடுத்த சித்திரையில் மறுபடி போனது. சர்ஜ் புரொடெக்டர் என்பது வரும் சக்தியை எர்த்துக்குத் திருப்பிவிடுகிற பொருள், எர்த் நன்றாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்த இடத்தில் மூன்றடிக்குக் கீழே பாறை. அதற்கப்புறம் ஃபைபர் இழுத்தேன். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது; ஒரு பக்கத்து இடி மறுபக்கத்துக்கு நெட்வொர்க் வழியாகத் தாண்டுவதற்கு வழியே கிடையாது. பின்னால் ஒருமுறை கரண்ட் லைன் வழியாக வந்த இடியில் ஃபேக்டரி ஸ்விட்ச் மட்டும் போயிருக்கிறது. ஆபீசில் எதுவும் போகவில்லை. ஃபைபர் இடியை நிறுத்தாது, ஒரு கட்டடத்துக்குள் அடைத்துவைக்கும்.

கடைக்காரர் சொன்ன கேட் 8 இந்த இடத்தில் கெடுதலும் செய்யும். கேட் 8 எப்போதும் உலோக உறை சுற்றிய கேபிள். அந்த உறை இரண்டு முனையிலும் ஸ்விட்ச் வழியாக எர்த்தில் சேர்ந்தால், இரண்டு கட்டடத்து எர்த்துக்கும் நீங்களே பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி.

சரி, எந்த ஃபைபர்? சிங்கிள் மோட். கடையில் ஓஎஸ்2 என்று கேளுங்கள். குறுகிய தூரத்துக்கு மல்டி மோட் போதும் என்பது பழைய கணக்கு, அது இப்போதும் தப்பில்லை. ஓஎம்3 என்ற மல்டி மோட் இழையில் 10 ஜி 300 மீட்டர் போகும். ஆனால் இன்று இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுப்பது எல்லாம் சிங்கிள் மோட் இழைதான். அதனால் அதன் கேபிள் சுலபமாகக் கிடைக்கிறது, மீட்டர் விலை நல்ல கேட் 6-ஐ விடக் குறைவாகவே வருகிறது, ஒட்டுகிற மெஷினும் ஆளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நாளைக்கு 10 ஜி வேண்டுமென்றால் இழையைத் தொட வேண்டாம், மாட்யூலை மட்டும் மாற்றலாம். சிங்கிள் மோட் இழையின் உள் வழி 9 மைக்ரான்தான், மல்டி மோடினுடையது 50. ஒன்றுக்கான மாட்யூலும் பேட்ச் கார்டும் மற்றதற்கு ஆகாது. பேட்ச் கார்டின் நிறத்தைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் சிங்கிள் மோட், வெளிர்நீலப் பச்சை என்றால் ஓஎம்3 அல்லது ஓஎம்4.

உங்கள் 24 போர்ட் ஸ்விட்சில் இரண்டு எஸ்எஃப்பி வாய் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 1310 நானோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று போட்டு வரும் ஒரு ஜி எல்எக்ஸ் மாட்யூல் மாட்டுங்கள், எதிர்முனையிலும் அதேதான். 70 மீட்டருக்கு 10 கிலோமீட்டர் மாட்யூலா என்று தயங்க வேண்டாம், இழையைக் கெடுக்காது. ஆனால் "80 கிலோமீட்டர் மாட்யூல் இன்னும் பவர்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் வெளிச்சம் இவ்வளவு பக்கத்தில் எதிர்முனை மாட்யூலின் கண்ணுக்கு அளவுக்கு மீறியது, அதைக் கெடுத்தே விடலாம். 10 ஜி எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூலை ஒரு ஜி வாயில் செருகினால் உள்ளே போகும், ஓடாது. செம்பைப் போல இரண்டு முனையும் பேசி வேகத்தை இறக்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். சில கம்பெனி ஸ்விட்ச் தன் கம்பெனி மாட்யூலை மட்டுமே ஏற்கும். ஸ்விட்ச் மாடல் நம்பரைச் சொல்லி, "ஓடாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்டே வாங்குங்கள்.

சேட்டன் சொன்ன கிராஸ், ஃபைபரில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு இழையில் ஒன்று போக, ஒன்று வர. ஒரு முனையில் வெளிச்சம் விடும் வாயிலிருந்து கிளம்பும் இழை மறுமுனையில் வெளிச்சம் வாங்கும் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். எல்லாம் ஒட்டி முடித்தும் லைட் வரவில்லையென்றால் நான் முதலில் செய்வது, ஒரு பக்கம் மட்டும் மாட்யூலில் மாட்டியிருக்கும் இரண்டு எல்சி முனையையும் (எல்சி என்பது சின்ன அளவு ஃபைபர் முனை) இடம் மாற்றிச் செருகிப் பார்ப்பது. பத்தில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரே இழையில் இரு பக்கமும் ஓடும் மாட்யூலும் உண்டு. அது 1310, 1550 என்று ஜோடியாக வரும், முனைக்கு ஒன்று. இரண்டு முனையிலும் ஒரே எண் போட்டால் ஓடாது. எந்த மாட்யூலானாலும் எரிகிறதா என்று வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும்.

ஒட்டுகிற வேலைக்கு ஊரில் கேபிள் டிவி, இன்டர்நெட் லைன் போடும் பையன்களையே கூப்பிடலாம், கை பழகியவர்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டு இன்டர்நெட்டுக்கு அவர்கள் பழக்கத்தில் போடுவது பச்சை நிற ஏபிசி முனை. அதன் முகம் சாய்வாகத் தேய்த்திருக்கும். உங்கள் மாட்யூலுக்கு வேண்டியது நீலநிற யுபிசி, அதுவும் எல்சி அளவில். பச்சையை நீலத்தோடு முட்டவைத்தால் நடுவில் இடைவெளி விழுந்து வெளிச்சம் சிதறும், தேய்த்த முகமும் கெடும்.

கேபிள் வாங்கும்போது உள்ளே இரும்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் தொங்கவிடும் டிராப் கேபிளில் தாங்குவதற்காக ஒரு எஃகுக் கம்பி ஓடும். மண்ணில் புதைக்கும் ஆர்மர்டு கேபிளில் எலி கடிக்காமலிருக்க எஃகுத் தகடு சுற்றியிருக்கும். அந்த இரும்பு அப்படியே ரேக் வரை வந்தால், செம்பைத் தவிர்த்த பலன் பாதி போய்விடும். உலோகமே இல்லாத கேபிளை, ஹெச்டிபிஇ பைப்புக்குள் விட்டு, இரண்டடி ஆழத்தில் புதைப்பதுதான் நான் இப்போது செய்வது. மேலாக இழுத்தால் மழைக்கு முன்னால் நிழல் மரத்துக் கிளை வெட்டும்போது ஒருமுறையாவது அறுபடும். ஆர்மர்டு கேபிள் ஏற்கனவே வாங்கியிருந்தால், அந்த எஃகு உறையைக் கட்டடத்துக்கு வெளியிலேயே அறுத்து நிறுத்துவது, எங்கே எர்த் செய்வது என்பதெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் ஆள் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. எர்த்திங் என் தொழில் இல்லை. அதில் நான் எழுத்தில் சொல்லி நீங்கள் செய்வது ஆபத்து.

எத்தனை இழை என்று கேட்டால் ஆறு. ஸ்டோர் வழியாகத்தான் கேட்டுக்குப் போக வேண்டும் என்பதால் ஆபீஸ் ஸ்விட்சிலிருந்து ஸ்டோர் ஸ்விட்ச், அதிலிருந்து கேட் ஸ்விட்ச் என்று சங்கிலியாகக் கோர்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் ஸ்டோரில் கரண்ட் போகும்போதெல்லாம் கேட் கேமராவும் குருடாகும். ஆறு இழையில் இரண்டை ஸ்டோரில் இறக்குங்கள். இரண்டை ஸ்டோரில் ஜாயின்ட் பெட்டியில் ஒட்டி நேராகக் கேட்டுக்கு அனுப்புங்கள். மீதி இரண்டு கைக்காவல். இப்போது ஆபீஸ் ஸ்விட்சின் இரண்டு எஸ்எஃப்பி வாயும் சரியாகப் போதும். ஸ்டோர், கேட் ஸ்விட்சுகளில் எஸ்எஃப்பி வாய் இல்லையென்றால் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி போடலாம். ஆனால் அதற்கென்று ஒரு அடாப்டர் வேண்டும், என் அனுபவத்தில் பெட்டிக்கு முன்னால் அந்த அடாப்டர்தான் போகும். எஸ்எஃப்பி உள்ள ஸ்விட்சாகவே வாங்குவது நல்லது. ஃபைபரில் கரண்ட் போகாது என்பதால் கேட் அறையில் ஸ்விட்சுக்குத் தனி கரண்டும் சின்ன யுபிஎஸ்ஸும் வேண்டும், இதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஸ்டோரில் ஸ்விட்சை உலர்த்தும் அறைக்குள் வைக்காதீர்கள். அங்கே சூடு ஐம்பது டிகிரியைத் தொடும், சாதாரண ஸ்விட்ச் பலவற்றுக்கு நாற்பதுதான் எல்லை. அறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டுங்கள்.

கைக்காவலுக்கு இழை இருக்கிறதே என்று ஸ்டோரையும் கேட்டையும் நேராக இணைத்துவிடாதீர்கள். ரேக்கில் இருக்கும் இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே "ஸ்பீடு கூடும்" என்று இரண்டாவது பேட்ச் கார்டு மாட்டுவதும் அதே தப்புதான். சாதா ஸ்விட்சில் அது வட்டப் பாதை; ஒரு செய்தி உள்ளே போனால் வெளியேறாமல் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ தரையில் கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட, அரை நாள் மொத்த நெட்வொர்க்கும் நின்றது. ராடியா பெர்ல்மன் 1985-இல் கண்ட ஸ்பேனிங் ட்ரீ முறை இதைத் தானாகக் கண்டுபிடித்து ஒரு வழியை அடைத்துவைக்கும். உங்கள் ஸ்விட்ச் மேனேஜ்டு வகையாக (செட்டிங் மாற்ற முடிகிற வகையாக) இருந்து, அதில் இது இயக்கத்தில் இருந்தால் மட்டுமே இரண்டாவது வழியைப் பற்றி யோசிக்கலாம்.

கட்டடத்துக்குள் செம்பு அடித்து முடித்ததும் லிங்க் லைட் எரிகிறதே என்று விட்டுவிடாமல், எந்த வேகத்தில் எரிகிறது என்று பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டால் ஸ்விட்ச் 100-க்கு இறங்கி ஓடும். பல ஸ்விட்சுகளில் லைட்டின் நிறம் மாறியிருக்கும், வேறு அறிகுறி இருக்காது. ஜாக்குக்கு முன்னால் ஜோடி முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். பயன்படுத்தாத ஃபைபர் முனைகளில் மூடியைக் கழற்றாதீர்கள். நம் மழைக்கால ஈரமும் ஏலக்காய் ஸ்டோர்த் தூசியும் 9 மைக்ரான் வழியை அடைக்க ஒரு வாரம் போதும்.

இனி நான் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நாலு ஸ்விட்சின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர். அப்புறம் அந்த 70-ம் 130-ம் பார்வைக் கணக்கா, பைப் போகும் வழியில் டேப் பிடித்து அளந்ததா என்பது. இறக்கத்தில் வளைந்து போகும்போது 130 சுலபமாக 160 ஆகும். அதோடு இரண்டு முனையிலும் ஐந்தைந்து மீட்டர் சுருட்டிவைக்கவும் சேர்த்து கேபிள் வாங்குங்கள். துலாமழைக்கு முன்னால் பைப்பைப் புதைத்துவிட்டால் ஒட்டும் வேலை ஒரு நாள்தான்.